எங்கள் ஓட்டன் பிறந்த ஊரைத் தேடி அயர்லாந்து போய் வந்தேன் (கிளேர் மாவட்டம்)

பொன்மலைக்காரர்
2 ஜூன், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக இங்கே மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது நானும் எழுத ஒன்று இருக்கிறது.

நான் திருச்சி பொன்மலையில் பிறந்து வளர்ந்தவன். ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அப்பா ஆங்கிலோ இந்தியர், அம்மா தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். படித்தது தமிழ்வழியில். வீட்டில் ஒரு பழைய பேச்சு உண்டு: "நம்ம முதல் ஆள் அயர்லாந்துக்காரர், பட்டாளத்தில் வந்தவர்." அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது. எந்த ஊர், எந்தப் பட்டாளம், எந்த வருடம், எதுவும் இல்லை.

நம்மூரில் தாத்தாவைப் பாட்டன் என்போம், அவருக்கு மேலே பூட்டன், அதற்கும் மேலே ஓட்டன். நான் தேடியது என் ஓட்டனை. குடும்பப் பெயரைப் பொதுவில் போட விரும்பவில்லை, மன்னிக்கவும். எங்கள் பெயரில் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அப்பா இறந்த பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது ஒரு ஞானஸ்நானச் சான்றின் நகல் கிடைத்தது. 1862, இடம் திருப்பாச்சூர். திருவள்ளூர் பக்கத்து ஊர்தான். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில், பென்ஷன் வாங்கிய வெள்ளைச் சிப்பாய்களைக் குடியமர்த்திய இடங்களில் அதுவும் ஒன்று என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். சான்று என் பூட்டனுடையது. தகப்பன் பெயர் இருந்தது, பக்கத்தில் "பென்ஷனர், மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ்" என்று இருந்தது.

அந்தப் படைப் பெயர்தான் கதவைத் திறந்தது. மெட்ராஸ் ஐரோப்பியன் ரெஜிமென்ட் என்று இருந்ததை 1843இல் மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ் ஆக்கினார்கள். கம்பெனியின் சொந்தப் படை. ஆங்கில அரசின் படை இல்லை. கம்பெனி அயர்லாந்தில் ஏராளமாக ஆள் சேர்த்தது. 1881இல் இந்தப் படையையும் பம்பாய் ஃப்யூசிலியர்ஸையும் ஒன்றாக்கி ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸ் என்று பெயர் வைத்தார்கள். கில்டேர் மாவட்டத்து நாஸ் ஊரில் அதன் தலைமையிடம். 1922இல் அயர்லாந்து தனி நாடானபோது கலைத்துவிட்டார்கள். மெட்ராஸ் பெயரில் பிறந்த படை டப்ளின் பெயரில் முடிந்திருக்கிறது. முதன்முதலில் படித்தபோது அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

கம்பெனியில் சேர்ந்தவர்களை முதலில் இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பக்கம் வார்லி என்ற இடத்தில் வைத்து, அங்கிருந்துதான் கப்பலேற்றினார்கள். அந்தப் பதிவேடுகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. ஓட்டன் பெயருக்கு நேரே: வயது 19, தொழில் கூலி, பிறந்த மாவட்டம் கிளேர், பிறகு பங்கின் (கோயில் வட்டாரத்தின்) பெயர். வருடம் 1847.

1847 என்றால் அயர்லாந்தில் யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. அந்த வருடத்துக்கு "கறுப்பு நாற்பத்தேழு" என்றே பெயர். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் அழுகல் நோய் வந்தது, 1852 வரை பஞ்சம். சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், அதே அளவு பேர் நாட்டை விட்டுப் போனார்கள். கிளேர் மாவட்டத்தில் மட்டும் 1841இல் 2,86,000 பேர் இருந்தார்கள், 1851இல் 2,12,000. மாவட்டத்தில் நாலில் ஒருவர் இல்லை. என் ஓட்டன் சாகசம் தேடி வந்தவர் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அந்தப் பதிவேட்டைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. 19 வயதுப் பையன் சோற்றுக்காகப் பட்டாளத்தில் சேர்ந்திருக்கிறான்.

மகள் டப்ளினில் வேலை பார்க்கிறாள். மே மாதம் போனேன். ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து லிமெரிக் வழியாக என்னிஸ் வரை ரயில், அங்கிருந்து கில்ரஷுக்குப் பஸ். அதற்கு அப்பால் வாடகைக் கார் இல்லாமல் முடியாது. நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஆனால் உள்ளூர்ச் சாலைகள் ஒரு வண்டி அகலம்தான், இரண்டு பக்கமும் வேலிப் புதர்.

அங்கே ஊர் என்று நாம் நினைப்பது இல்லை. டவுன்லேண்ட் என்பார்கள். பெயரில் டவுன் இருந்தாலும் அது நகரம் கிடையாது, சில வயல்களும் நாலைந்து வீடுகளும் கொண்ட நிலத்துண்டு. நாடு முழுக்க அப்படி 60,000க்கு மேல் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர். மாவட்டமும் பங்கும் தெரிந்தால் போதாது, டவுன்லேண்ட் பெயர் தெரிந்தால்தான் ஒரு குறிப்பிட்ட மண்ணில் போய் நிற்க முடியும்.

எனக்கு அது கிடைத்தது ஞானஸ்நானப் பதிவேட்டில். கத்தோலிக்கப் பங்குகளின் பழைய ஏடுகளைப் படம் பிடித்து 2015இல் அயர்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகப் போட்டது. பெயர் போட்டுத் தேட முடியாது, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். பொன்மலையில் உட்கார்ந்து நாலு மாதம் ராத்திரி ராத்திரியாகப் புரட்டினேன். 1828ஆம் வருடப் பக்கத்தில் ஒரு வரி. குழந்தை பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர் (அவளுடைய பிறந்த வீட்டுப் பெயரோடு), இரண்டு ஞானப்பெற்றோர் (ஞானஸ்நானத்தில் குழந்தைக்காக நிற்பவர்கள்), டவுன்லேண்ட். மங்கிய மை, சாய்ந்த எழுத்து.

சரி, அங்கே போய் என்ன பார்த்தேன்? ஒரு சரிவு. கோரைப்புல். தூரத்தில் ஷானன் ஆறு கடலோடு கலக்கும் இடம் தகடு மாதிரி மின்னியது. வீடு இல்லை. எங்கள் பெயரில் ஒரு கல்லறைக் கல்லும் இல்லை. ஏழைகள் கல் நட வசதி இல்லாதவர்கள் என்று அங்கே இருந்த ஒரு பெரியவர் சொன்னார். மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர், நாங்கள் காரை நிறுத்தி மேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு வேலியைத் தாண்டி வந்தார். நான் பெயரைச் சொன்னேன். "அந்தப் பெயரில் இப்போது இந்தப் பக்கம் யாரும் இல்லை" என்றார். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். என் நிறம் நல்ல மாநிறம். எதுவும் கேட்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் வந்தது நல்லது" என்றார்.

அப்புறம் அவர் ஒன்று காட்டினார். சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது அந்தப் புல்சரிவில் கோடு கோடாக மேடு தெரிந்தது. பஞ்சத்துக்கு முன் உருளைக்கிழங்கு போட்ட பழைய பாத்திகள். 170 வருடத்துக்கு மேல் யாரும் உழாததால் அப்படியே கிடக்கின்றன. மண்வெட்டியால் மனிதர்கள் இழுத்த கோடுகள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு பாத்தியில் நின்றேன். மண் ஈரமாக, சில்லென்று இருந்தது.

மீதியைக் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.

டப்ளின்_தேன்மொழி
2 ஜூன், இரவு 11.15

ஐயா, பணி முடிந்து வந்து பஸ்ஸில் படித்தேன், கண் நிறைந்துவிட்டது. நான் இங்கே 11 வருடமாக நர்ஸ். நாங்கள் வேலைக்கு வந்த நாடு என்று மட்டும்தான் இதைப் பார்த்திருக்கிறோம்.

வர நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம் மட்டும். அயர்லாந்து ஷெங்கனில் (பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா வட்டத்தில்) இல்லை, ஷெங்கன் விசா இங்கே செல்லாது. இந்திய பாஸ்போர்ட்டுக்குத் தனி விசா வேண்டும். இரண்டாவது, வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது. பெல்ஃபாஸ்ட் போகும் சாலையில் எல்லைச் சாவடியே இருக்காது, போர்டில் கிலோமீட்டர் மைலாக மாறுவதுதான் அடையாளம். அதனால் பலர் தெரியாமல் தாண்டிவிடுகிறார்கள். சட்டப்படி பிரிட்டிஷ் விசா வேண்டும். இரண்டு நாட்டுக்கும் ஒரே விசாவில் போக ஒரு கூட்டுத் திட்டம் இந்தியர்களுக்கு 2015இலிருந்து உண்டு, விண்ணப்பிக்கும்போதே அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அன்ட்ரிம், டவுன், டைரோன் மாதிரி வட மாவட்டங்களில் வேர் உள்ளவர்களுக்கு இது முக்கியம். அவர்களுடைய ஆவணங்களில் பெரும்பகுதி பெல்ஃபாஸ்ட் ஆவணக் காப்பகத்தில்தான்.

பெரம்பூர்_பையன்
3 ஜூன், காலை 7.02

அங்கிள், நானும் ஆங்கிலோ இந்தியன்தான், அம்மா வழியில். பாட்டி கார்க் என்று ஒரு பெயர் சொல்வார், அவ்வளவுதான். எங்கிருந்து தொடங்குவது? ஒரு தளத்தில் பணம் கட்டினேன், ஒரே பெயரில் 400 பேர் வந்தார்கள், குழம்பிவிட்டேன். இன்னொன்று: ஐரிஷ் வேர் இருந்தால் அந்த நாட்டுக் குடியுரிமை கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா?

டப்ளின்_தேன்மொழி
3 ஜூன், காலை 8.30

தம்பி, குடியுரிமைக்கு மட்டும் நான் சொல்கிறேன். தாத்தா பாட்டி நால்வரில் ஒருவர் அயர்லாந்துத் தீவில் பிறந்திருந்தால், வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பெயரைச் சேர்த்துக் குடியுரிமை பெறலாம். அதற்கு மேல் போனால், நீங்கள் பிறப்பதற்கு முன்பே உங்கள் அப்பாவோ அம்மாவோ அப்படிப் பதிந்திருக்க வேண்டும். 1840களில் வந்தவர் வழியில் கிடைக்காது. குடியுரிமை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஏடு_தேடி
3 ஜூன், பிற்பகல் 1.20

பெரம்பூர் தம்பிக்கு. 20 வருடமாக இதையே செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அயர்லாந்தில் தேடாதீர்கள். பெரம்பூரில் தேடுங்கள். பொன்மலை ஐயா செய்ததும் அதுதான். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அயர்லாந்துத் தளங்களில் இறங்கினால் 400 பேர் இல்லை, 4000 பேர் வருவார்கள். கார்க் மிகப் பெரிய மாவட்டம். உங்கள் பாட்டியின் திருமணப் பதிவு, அவருடைய அப்பாவின் ஞானஸ்நானம், ரயில்வே சர்வீஸ் புத்தகம், கல்லறைத் தோட்ட ரசீது என்று இந்தியாவில் பின்னோக்கி நடந்து, முதலில் வந்தவரின் முழுப்பெயர், படை, வருடம் மூன்றையும் பிடியுங்கள். பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கென்று ஃபிபிஸ் என்ற சங்கம் இருக்கிறது, அவர்களுடைய தேடுபொறி இலவசம். மெட்ராஸ் மாகாண ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்கு லண்டனுக்கு அனுப்பிய பிரதிகள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

அயர்லாந்துக்குப் போனபின் ஒரு பெரிய பள்ளம் வரும். அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் மனசு உடையாது. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. ஏழு நூற்றாண்டுக் காகிதம். 1821 முதல் 1851 வரையான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் அதில்தான் ஏறக்குறைய மொத்தமாகப் போயின. 1861, 1871 கணக்கெடுப்புகளை அரசே அதற்கு முன்பு அழித்துவிட்டது. 1881, 1891 இரண்டையும் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாக்கிவிட்டார்கள். ஆக முழுதாகக் கிடைக்கும் மிகப் பழையது 1901. அடுத்து 1911. இரண்டும் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசம். எரிந்ததை உலகெங்கும் உள்ள பிரதிகளிலிருந்து மீட்டெடுக்கும் மின்காப்பகம் ஒன்றை 2022இல், நூறாவது ஆண்டில், திறந்தார்கள்.

நம் ஆட்கள் பெரும்பாலும் 1860க்கு முன்பே கிளம்பியவர்கள் என்பதால் கணக்கெடுப்பு நமக்கு உதவாது. அரசுப் பிறப்புப் பதிவும் எல்லா மதத்தினருக்கும் 1864இல்தான் தொடங்குகிறது. எனவே மிஞ்சுவது மூன்று. பங்குப் பதிவேடு ஒன்று. அடுத்தது 1823 முதல் 1837 வரை தயாரித்த பத்தில் ஒரு பங்கு வரி ஏடு. கத்தோலிக்க விவசாயிகளும் ஆங்கிலிகன் சபைக்குக் கட்ட வேண்டியிருந்த வரி அது. அப்புறம் கிரிஃபித் மதிப்பீடு. 1847 முதல் 1864 வரை நாடு முழுக்க ஒவ்வொரு வயலையும் வீட்டையும் யார் கையில் இருக்கிறது, யாருக்கு வாடகை, எத்தனை ஏக்கர், என்ன மதிப்பு என்று எழுதிய ஏடு. வரைபடத்தோடு இணையத்தில் இலவசம்.

பணம் கட்ட வேண்டிய இடங்கள் உண்டு, ஆனால் அது கடைசியில். டப்ளின் கில்டேர் தெருவில் உள்ள தேசிய நூலகத்தில் வம்ச ஆராய்ச்சிக்கு ஆலோசகர் உட்கார்ந்திருப்பார், இலவசம். குடும்பப் பெயருக்கு மரபுச் சின்னம் என்று கடைகளில் தட்டு விற்பார்கள். சின்னம் தனி ஆளுக்குத்தான் கொடுக்கப்பட்டது, பெயருக்கு இல்லை. வாங்க வேண்டாம்.

பொன்மலை ஐயாவிடம் ஒரு கேள்வி. வரி ஏட்டிலும் கிரிஃபித்திலும் உங்கள் ஆட்கள் இருக்கிறார்களா?

பொன்மலைக்காரர்
3 ஜூன், இரவு 8.55

ஏடு_தேடி ஐயா, நேராக அந்த இடத்துக்கே வந்துவிட்டீர்கள். வரி ஏட்டில் இருக்கிறார்கள். ஓட்டனின் அப்பா பெயரில் கொஞ்சம் நிலம், இரண்டு பேரோடு கூட்டாக. கிளேருக்கான கிரிஃபித் ஏடு 1855இல் வந்தது. அதில் அந்த டவுன்லேண்டில் எங்கள் பெயரே இல்லை. மொத்த வீடுகளே பாதிக்கும் கீழே.

இரண்டு ஏட்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைக் கில்ரஷில் தெரிந்துகொண்டேன். அந்தப் பக்கம் ஜமீன்கள் வாடகை பாக்கி என்று 1847 முதல் 1850 வரை பல்லாயிரம் பேரை வீட்டை விட்டு இறக்கினார்கள், கூரையைப் பிரித்துப் போட்டார்கள், திரும்பி வந்து தங்கக்கூடாது என்பதற்காக. ஏழையர் நிவாரணத்தைக் கண்காணிக்க வந்த கேப்டன் ஆர்தர் கென்னடி என்ற அதிகாரி இதைப் பட்டியல் பட்டியலாக மேலே எழுதினார். 1849 டிசம்பரில் லண்டன் படப் பத்திரிகை ஒன்றில் பிரிட்ஜெட் ஓ'டோனல் என்ற தாயும் இரண்டு குழந்தைகளும் கந்தலில் நிற்கும் படம் வந்தது. பஞ்சம் பற்றிய எந்தப் புத்தகத்திலும் இருக்கும் படம். அந்தத் தாய் கில்ரஷ் பக்கத்துக்காரி. ஊருக்கு வெளியே ஷானக்கைல் என்ற பழைய இடுகாட்டில் பஞ்சத்தில் செத்தவர்களை மொத்தமாகப் புதைத்திருக்கிறார்கள். என் ஓட்டனின் அப்பா அம்மா அங்கே இருக்கிறார்களா, கப்பலேறினார்களா, காட்ட எந்தக் காகிதமும் இல்லை. மகளும் நானும் அங்கே ஒரு ஜெபமாலை சொன்னோம், நான் தமிழில், அவள் ஆங்கிலத்தில்.

பெயர்கள் பற்றியும் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். பதிவேடு பல இடங்களில் லத்தீனில் இருக்கும். ஜேம்ஸ் என்பவர் ஜேக்கோபுஸ் ஆகியிருப்பார், வில்லியம் குலியெல்முஸ். நான் திருச்சிக்காரன் என்பதால் எனக்கு இது சிரமமாகவே இல்லை. நம் பங்குகளில் ஜேம்ஸ் யாகப்பன், பீட்டர் ராயப்பன், பால் சின்னப்பன், ஜான் அருளப்பன். அதே பழக்கம்தான். வீட்டில் ஒரு பெயர், கோயில் ஏட்டில் ஒரு பெயர், அரசாங்கத்துக்கு ஒரு பெயர். என் ஓட்டன் வீட்டில் ஐரிஷ் மொழிதான் பேசியிருப்பார், ஆக அவருக்கு வேறொரு பெயரும் இருந்திருக்கும்.

அதோடு பேர் முன்னால் வரும் 'ஓ' இருக்கிறதே, ஓ'பிரையன், ஓ'கானர் என்று. அதற்கு ஐரிஷில் பேரன் என்று பொருள். 'மேக்' என்றால் மகன். என்னிஸ் நூலகத்தில் ஒரு அம்மா இதைச் சொன்னார். அவரே இன்னொன்றும் சொன்னார்: பழைய குடும்பங்களில் மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர். எங்கள் மொழியில் பேரன் என்ற சொல்லே பெயரன், தாத்தா பெயரைத் தாங்குபவன் என்று நான் சொன்னேன். அந்த அம்மா பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். தமிழ் எழுத்திலும் எழுதித் தரச் சொன்னார்.

(தம்பி, பதிவேட்டில் 'ஓ' இருக்கும், பிறகு விழுந்துவிடும், மறுபடி ஒட்டிக்கொள்ளும். இரண்டு விதமாகவும் தேடுங்கள்.)

மணல்மேடு
4 ஜூன், காலை 10.10

ஐயா, உங்கள் எழுத்தை மதித்துத்தான் இதைக் கேட்கிறேன். மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ் என்றால் நீல் துரையின் படை. 1857 சிப்பாய்க் கிளர்ச்சியின்போது அலகாபாத்தில் அவர் தலைமையில் ஊர்மக்களை மரத்தில் தொங்கவிட்டார்கள், கிராமங்களைக் கொளுத்தினார்கள். மவுண்ட் ரோட்டில் இருந்த அந்த நீல் சிலையை எடுக்கச் சொல்லி 1927இல் நம் ஆட்கள் சத்தியாக்கிரகம் செய்து சிறைக்குப் போனார்கள். 1937இல் ராஜாஜி அரசு வந்த பிறகுதான் அதை அகற்றி மியூசியத்துக்குக் கொண்டுபோனார்கள். கிளேரில் பசித்த பையனுக்காக அழுகிறோம், சரி. அவன் துப்பாக்கி எடுத்து நின்ற பக்கத்தை என்ன செய்வது? 1847இல் சேர்ந்தவர் 1857இல் அந்தப் படையில்தானே இருந்திருப்பார்?

பொன்மலைக்காரர்
4 ஜூன், இரவு 10.30

இருந்தார்.

பதக்கப் பட்டியலில் பெயர் இருக்கிறது, லக்னோ என்று. அங்கே காயம்பட்டுத்தான் பென்ஷனில் திருப்பாச்சூருக்கு வந்தார். லக்னோவுக்குப் போகும் வழி அலகாபாத் வழி. அவர் கையால் என்ன செய்தார் என்று எந்த ஏடும் சொல்லாது. ஆனால் அந்தப் படை செய்தது எல்லோருக்கும் தெரியும். அவர் அங்கே இல்லை என்றோ, மேலிருந்து வந்த கட்டளை என்றோ சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை.

இந்தக் கேள்வியை நானே சுமந்துகொண்டுதான் அங்கே போனேன். அந்தப் பாத்தியில் நின்றபோது மகளிடம் அதையும் சொன்னேன். கூரையைப் பிரித்துத் துரத்தப்பட்ட பையன் பத்து வருடம் கழித்து இன்னொருவர் கூரைக்குத் தீ வைத்த படையில் நிற்கிறான். இரண்டும் ஒரே ஆள். ஒன்றை வைத்து மற்றதைக் கழிக்க முடியாது. அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "இதையும் சேர்த்தே எழுதுங்கள் அப்பா" என்றாள். முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். கேட்டதற்கு நன்றி தம்பி.

மணல்மேடு
4 ஜூன், இரவு 11.05

நன்றி ஐயா. நேராகச் சொன்னீர்கள். தொடர்ந்து எழுதுங்கள்.

செவ்வந்தி_ரமணி
5 ஜூன், காலை 6.45

ஐயா, நேற்றிலிருந்து ஒன்று மனசில் குடைகிறது. ஓட்டன் பெயர், அவர் அப்பா பெயர், அம்மா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் வரை கிளேரில் கிடைத்துவிட்டது. ஓட்டி யார்? திருப்பாச்சூரில் அவரைக் கட்டிக்கொண்ட பெண் யார்? நீங்கள் மாநிறம் என்று எழுதியிருக்கிறீர்கள், அது அந்த அம்மாவிடமிருந்தும் வந்ததுதானே. இந்த இழை முழுக்க அவர் பெயர் ஒரு இடத்திலும் இல்லை.

பொன்மலைக்காரர்
5 ஜூன், இரவு 9.20

காலையில் படித்தேன் சகோதரி, இப்போதுதான் பதில் எழுத முடிகிறது.

1860ஆம் வருடத் திருமணப் பதிவின் பிரதி என்னிடம் இருக்கிறது. மாப்பிள்ளை பக்கத்தில் பெயர், வயது, தொழில், தகப்பன் பெயர் எல்லாம் நிரம்பியிருக்கிறது. பெண் பக்கத்தில் 'மேரி', அதற்கு அடுத்து 'நேட்டிவ்'. தகப்பன் பெயர் போட வேண்டிய இடத்தில் ஒரு கோடு. அவ்வளவுதான்.

கில்ரஷ் பக்கத்துப் பங்கு ஏட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே தாயின் பிறந்த வீட்டுப் பெயர்தான். பஞ்சத்துக்கு முந்தைய ஏழைக் குடியானவன் மனைவி, எழுதப் படிக்கத் தெரிந்திருக்காது, ஆனாலும் அவள் யார் வீட்டுப் பெண் என்று பாதிரியார் எழுதிவைத்தார். ஐரிஷ் கத்தோலிக்க ஏடுகளில் அது வழக்கம். அதனால்தான் இன்றைக்கு நான் அவளுடைய ஆட்கள் வரை போக முடிந்தது. அதே சபை, 32 வருடம் கழித்து, திருவள்ளூர் பக்கத்தில் என் ஓட்டிக்கு ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறது.

கிளேரில் கடைசி நாள் லிஸ்கேனர் பக்கம் பிரிஜித் புனிதரின் சுனைக்குப் போனோம். மோஹர் பாறைகளைப் பார்க்க வருகிறவர்கள் அந்த வழியாகத்தான் போகிறார்கள். சுனைக்குப் போகும் சின்ன குகைவழி இரண்டு பக்கமும் மக்கள் வைத்துவிட்டுப் போன போட்டோக்கள், ஜெபமாலைகள், சுரூபங்கள், செத்தவர்களின் நினைவு அட்டைகள். வேளாங்கண்ணியில் காணிக்கைப் பொருட்களைப் பார்த்தவர்களுக்கு அந்த இடம் புதிதாக இருக்காது. நான் அப்பா போட்டோ ஒன்று வைத்தேன். ஓட்டிக்கு எதுவும் வைக்கவில்லை, அப்போது ஞாபகமே வரவில்லை. 8,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்துபோய் ஒரு பக்கத்து ஆட்களை மட்டும் நினைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஏடு_தேடி
5 ஜூன், இரவு 10.40

ஐயா, அந்தக் கோட்டோடு நிறுத்திவிடாதீர்கள். லண்டனுக்குப் போனது அரசுப் படிவத்தின் பிரதி. படிவத்தில் உள்ளதைத்தான் நிரப்பியிருப்பார்கள். கோயிலில் இருக்கும் மூல ஏடு வேறு. அந்தக் காலத்தில் மெட்ராஸ் கத்தோலிக்கச் சபைக்குத் தலைவரே ஐரிஷ்காரர், பிஷப் ஜான் ஃபென்னெலி. 1841 முதல் 1868 வரை இருந்தார். 1842இல் பிரசன்டேஷன் கன்னியர்களும் அயர்லாந்திலிருந்து மெட்ராஸுக்கு வந்துவிட்டார்கள். உங்கள் ஓட்டனுக்குத் திருமணம் செய்துவைத்தவரும் ஐரிஷ் குருவாக இருந்திருக்க வாய்ப்பு உண்டு. அவர்கள் ஊர்ப் பழக்கம் கொஞ்சமாவது ஏட்டில் வந்திருக்கலாம். மூலத்தைப் பார்க்க வேண்டும்.

அதைவிட முக்கியம்: 1862 ஞானஸ்நான நகலில் ஞானப்பெற்றோர் யார் என்று பார்த்தீர்களா? அயர்லாந்து ஏடுகளில் ஞானப்பெற்றோர் பெரும்பாலும் கூடப்பிறந்தவர்கள் அல்லது நெருங்கிய உறவு. அந்த வரியை வைத்தே பல குடும்பங்களைச் சேர்த்திருக்கிறேன். இங்கேயும் அதே கண்ணோடு பாருங்கள். சிப்பாய்க்கு இங்கே அக்கா தங்கை கிடையாது. ஞானத்தாயாக ஒரு பெண் நின்றிருந்தால், அவள் ஓட்டி பக்கத்து ஆளாக இருக்கக்கூடும்.

பொன்மலைக்காரர்
6 ஜூன், காலை 5.50

ஐயா, இரவே டிரங்கை இறக்கினேன்.

இத்தனை வருடமாக அந்தக் காகிதத்தில் தகப்பன் பெயர் இருக்கும் வரியை மட்டும்தான் படித்திருக்கிறேன். கீழே, மடிப்பில், பழுப்பேறிய இடத்தில் இரண்டு பெயர். ஞானத்தகப்பன் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய், அதே படை. ஞானத்தாய் பெயரைப் பாதிரியார் ஆங்கில எழுத்தில் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். மூன்று முறை வாய்விட்டுப் படித்த பிறகுதான் புரிந்தது. சவரியம்மாள். குடும்பப் பெயர் இல்லை. ஆனால் பக்கத்தில் சின்னதாக ஒரு சொல். கடைசி நாலு எழுத்து 'பாக்கம்' என்று தெரிகிறது, முதல் பாதி மடிப்பில் கிழிந்திருக்கிறது.

செவ்வந்தி_ரமணி
6 ஜூன், காலை 7.15

பாக்கம்! அப்படியானால் ஊர்ப் பெயர்தான் ஐயா. திருவள்ளூரைச் சுற்றி எத்தனையோ பாக்கம் இருக்கின்றன, ஆனால் அந்தக் காலத்திலேயே கிறிஸ்தவர்கள் இருந்த பாக்கம் என்று பார்த்தால் கொஞ்சம்தான் மிஞ்சும். நான் ஆவடியில்தான் இருக்கிறேன். நீங்கள் வரும் நாளைச் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன். பழைய தமிழ்க் கையெழுத்து எனக்குப் படிக்க வரும், அப்பா பத்திர எழுத்தராக இருந்தவர்.

பெரம்பூர்_பையன்
6 ஜூன், காலை 7.40

அங்கிள், நானும் வரேன். பைக் இருக்கிறது, எந்தப் பாக்கமானாலும் போகலாம். பாட்டியின் காகிதங்களையும் எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

பொன்மலைக்காரர்
6 ஜூன், காலை 9.05

திங்கட்கிழமை ராத்திரி ராக்ஃபோர்ட் ரயிலில் ஏறுகிறேன். செவ்வாய் காலை எழும்பூரில் இறங்கி நேராகத் திருவள்ளூர். மகளுக்கு டப்ளினுக்குப் போன் போட்டேன், அங்கே இன்னும் விடியவில்லை. தூக்கத்தில் எடுத்து, "யார் பெயர் கிடைத்தது?" என்று இரண்டு முறை கேட்டாள். சொன்னேன். அவளும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள்.